பத்தாவது அட்டை

துப்பாக்கி விழுந்தபோது அறையில் நான்கு பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார் என்பதைச் செயலாளர் அன்றைக்கே நேரம் போட்டு எழுதி வைத்துவிட்டதால், பின்னால் அதைப் பற்றிச் சண்டை போட யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. சன்னலோரம், முதுகைச் சுவருக்குக் கொடுத்து, டிரைவர் மாமா. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது சங்கத்தின் சுடுதளத்துக்குப் பொறுப்பாளர், கழுத்தில் எந்நேரமும் விசில். அவருக்கு எதிரே, இரும்பு அலமாரியில் சாய்ந்தபடி மடக்கு நாற்காலியில் லிஃப்ட் மெக்கானிக். செயலாளருடைய அக்காவின் புருஷன். வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் அக்கா, குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நான்காவது ஆள் செயலாளர். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நீள மேசைமேல் ஒரு பச்சை விரிப்பு. அதன்மேல், முன்பக்கம் இரண்டு கால் ஊன்றி, காலியாக, குண்டு ஏற்றும் பூட்டு திறந்து நின்றிருந்தது அக்காவின் துப்பாக்கி. விரிப்பின் ஓரத்தில் ஒரு சுருக்கம். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சுருக்கம் அங்கேயே இருந்து செத்திருக்கும். செயலாளரோ நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். கோணல் கோட்டைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. விரலால் சுருக்கத்தைப் பிடித்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். விரிப்பு நேரானது. துப்பாக்கி இரண்டு காலும் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, மேசை விளிம்பில் ஒருமுறை யோசித்துவிட்டு, சிமென்ட் தரைக்குப் போயிற்று.

முதலில் தரையைத் தொட்டது ஸ்கோப். துப்பாக்கியின் முதுகில் படுத்திருக்கும் அந்தத் தொலைநோக்கிக் குழாய்தான் அதன் கண். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பித்தளைச் செம்பு கை தவறினால் கேட்குமே, அவ்வளவுதான். 

டிரைவர் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன் தம்பி, பதினொரு வருஷமா பேனா மூடியைக்கூட கீழ போடாத ஆளு நீ. போட்டதுதான் போட்டே, இதையா போடுவே?"

"சுருக்கமா இருந்துச்சு மாமா..."

"இப்ப நம்ம நெத்தியெல்லாம் சுருக்கமா இருக்கு. அதையும் இழுத்து விடு."

அக்கா கட்டிக்கொண்டிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தாள். பிறகு எழுந்து வந்து, விழுந்த குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் துப்பாக்கியைத் தூக்கி, மேசைமேல் படுக்க வைத்தாள். ஸ்கோப்பின் மேல் திருகை மூடியிருந்த தொப்பி நசுங்கியிருந்தது.

அன்றைக்குப் பார்த்து அது விழுந்ததுதான் கொடுமை. இவர்கள் ஆடுவது தபால் போட்டி. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் தன் தளத்திலேயே சுட்டு, ஓட்டை விழுந்த இலக்கு அட்டையைத் தலைமைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆண்டுக்குப் பத்து அட்டை. ஓர் அட்டைக்குப் பத்துக் குண்டு, நூறு புள்ளி. பத்து அட்டையிலும் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் எடுப்பவருக்கு முதல் வகுப்புப் பட்டயம். இந்தச் சங்கத்தின் சுவரில் அதற்கென்று ஆணி அடித்து வைத்தார்களே தவிர, மாட்டப் பட்டயம் வந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒன்பது அட்டையைத் தாண்டிப் பத்தாவதில் தொண்ணூற்று நான்கு எடுத்தாள். ஒரே ஒரு புள்ளி. இந்த வருஷம் மறுபடி ஒன்பது அட்டை கைக்குள் வந்தாயிற்று. பத்தாவது அட்டை பிரிக்காத உறையில் அலமாரியில் இருந்தது. அன்றுதான் கடைசி நாள்; அதைச் சுட்டு, அன்றைய தேதி முத்திரையோடு தபாலில் சேர்க்க வேண்டும். தெருமுனைத் தபால் அலுவலகத்தில் நான்கு மணிக்குள் தபால் சாக்கைக் கட்டிவிடுவார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று இருபத்தைந்து காட்டியது.

வேறு துப்பாக்கி எடுக்கலாமே என்று கேட்கலாம். அக்கா இடக்கைக்காரி. பூட்டு இடப்பக்கம் வைத்த துப்பாக்கி சங்கத்தில் இது ஒன்றுதான். அதில் பொருந்துகிற ஸ்கோப்பும் அந்த ஒன்றுதான்.

"அத்தான், நீங்க திருப்புளியை எடுங்க," என்றார் செயலாளர்.  நோட்டை எடுத்து, கோடு போட்டு, நேரம் எழுதி, நால்வர் இருந்த இடத்தையும் எழுதினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"ஆளு சாகக் கிடக்கு, இவன் பஞ்சாயத்து எழுதுறான்," என்றார் மாமா.

"எழுதலைன்னா எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கலைன்னு தெரியாது மாமா."

மெக்கானிக்கின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். கல்யாணப் புகைப்படத்திலேயே அது எட்டிப் பார்க்கிறது. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் இரண்டு வளையத்தின் ஆறு திருகாணியையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தளரவில்லை. துப்பாக்கியோடு சேர்த்தே குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள், ஒடுக்கு இல்லை. செயலாளர் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே எதுவும் ஆடவில்லை. முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் கீறல் இல்லை. அக்கா கண்ணை வைத்து, உள்ளே குறி பார்க்கத் தெரியும் குறுக்குக் கம்பியை எதிர்க்கட்டடத்து மூலையோடு ஒப்பிட்டாள்.

"குறுக்குக் கம்பி நேராத்தான் நிக்குது."

"அப்ப ஒண்ணும் ஆகலை, விடு," என்றார் மெக்கானிக்.

"வெளியில அடிபடாம உள்ள போயிருக்கும் அத்தான். மனுஷனுக்கு ஆகுறதில்லையா? சுட்டுத்தான் பார்க்கணும்."

அக்காவின் முகம் சுளித்தது. ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு அறுபது கை. குத்தினால் முதல் குத்திலேயே நரம்பு. அதனால் ஊருக்கு அவள் ஊசியக்கா. அட்டை சுடுகிற நாளில் முன்னோட்டமாக ஒரு குண்டுகூடச் சுட மாட்டாள். விதி தடுக்கவில்லை, அவள் வீம்புதான் தடுத்தது. யாராவது கேட்டால், "நரம்பு எடுக்குறதுக்கு முன்னாடி தலையணையில குத்திப் பார்த்துட்டா வருவேன்?" என்பாள். ஒன்பது அட்டையும் அப்படித்தான், நேரடியாக முதல் குண்டிலிருந்து.

"இன்னிக்கு மட்டும்க்கா," என்றார் செயலாளர். "உன் கையைச் சோதிக்கலை. நான் போட்டதைத்தான் சோதிக்கிறேன்."

அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்காக," என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சுடுதளம் பழைய கிடங்கின் கீழ்த்தளம். ஐம்பது மீட்டருக்கு நீண்ட சுரங்கம் போன்ற அறை. அந்தக் கோடியில் மணல் மேடு, அதன்முன் விளக்கு வெளிச்சத்தில் அட்டை. துப்பாக்கியின் அடியில் மணல் மூட்டை வைத்து, அக்கா படுத்துக்கொண்டாள். மூச்சால்கூட ஆடாதபடி மூட்டைகளைச் செயலாளர் அழுத்திவிட்டார். மாமா விசில் ஊதினார். மூன்று குண்டு.

பெரிய ஸ்டாண்டில் இருந்த தொலைநோக்கி வழியாகச் செயலாளர் பார்த்தார். மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு காசால் மூடிவிடலாம்போல அழகாக விழுந்திருந்தன. ஆனால் நடுவில் இல்லை. இடப்பக்கம், ஒன்பதாம் வளையத்தில்.

"போச்சு," என்றார் மாமா. "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல..."

"அவசரப்படாதீங்க மாமா. தள்ளி விழுதுங்கிறது வேற, கண்டபடி விழுதுங்கிறது வேற. தள்ளி விழுந்தா திருப்பிக்கலாம். கண்டபடி விழுந்தாத்தான் அது செத்த ஸ்கோப். பெட்டி போட்டுப் பார்ப்போம்."

பெட்டி போடுவது என்பது அந்தத் தளத்தில் வழக்கமாகச் செய்கிற சோதனை. ஸ்கோப்பில் இரண்டு திருகு உண்டு. மேலே உள்ளதைத் திருப்பினால் குண்டு ஏறி இறங்கும்; பக்கத்தில் உள்ளதைத் திருப்பினால் இடம் வலம் போகும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஐம்பது மீட்டரில் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நகரும். குறியை மாற்றாமல் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டு, முதலில் திருப்பாமல் மூன்று குண்டு, பிறகு மேலே இருபது கிளிக், வலமாக இருபது, கீழே இருபது, இடமாக இருபது என்று ஒவ்வொரு மூலையிலும் மூன்று குண்டு சுட வேண்டும். ஸ்கோப் ஆரோக்கியமாக இருந்தால் அட்டையில் ஒரு சதுரம் விழும். கடைசிக் கூட்டம் புறப்பட்ட இடத்துக்கே வந்து முதல் கூட்டத்தின்மேல் உட்காரும். உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் சதுரம் நொண்டும்.

நசுங்கிய தொப்பியை மெக்கானிக் இடுக்கியால் கழற்றினார், பக்கத் திருகின் தொப்பியைக் கையாலேயே. உள்ளே திருகுக்கு ஒரு கீறலும் இல்லை. செயலாளர் பெரிய வரைதாளை அட்டைக்குப் பின்னால் ஒட்டினார். பத்து நிமிஷம் இதே சத்தங்கள்தான். மாமாவின் விசில், "மேல இருபது" என்று செயலாளரின் குரல், எறும்பு நடப்பதுபோலத் திருகின் கிளிக் சத்தம், அப்புறம் மூன்று வெடி. மறுபடி விசில்.

தாளைக் கொண்டு வந்து மேசையில் விரித்து, செயலாளர் இரும்பு ஸ்கேலை வைத்தார். முதல் பக்கம் எழுபத்திரண்டு மில்லிமீட்டர். இரண்டாவது எழுபத்துமூன்று. மூன்றாவது எழுபத்திரண்டு. நான்காவது எழுபத்திரண்டரை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். நான்கு மூலையும் செங்கோணம். கடைசி மூன்று ஓட்டையும் முதல் மூன்றையும் தின்று ஒரே ஓட்டையாக ஆகியிருந்தன. வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருஷத்தில் ஆயிரம் நிலத்துக்குப் படம் போட்டிருக்கிறார். இவ்வளவு சுத்தமான சதுரத்தை அவர் பார்த்ததில்லை. அதுவும் ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருந்து, ஈயக் குண்டால் வரைந்தது. அக்காவின் பக்கம் திரும்பினார். 

"ஸ்கோப்புக்கு ஒண்ணுமில்லக்கா. கல்லு மாதிரி இருக்கு. உன் கையும்தான்."

"அப்ப ஏன்டா இடப்பக்கம் போகுது?"

அதுதான் கேள்வி. செயலாளர் தம் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சி முடிந்ததும் இரண்டு திருகின் எண்ணையும் அதில் எழுதுவது அவர் வழக்கம். பக்கத் திருகு: பன்னிரண்டு. துப்பாக்கியைப் பார்த்தார். கோடு இருபதில் நின்றது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபதேதான்.

"எட்டு கிளிக் இடமா நகர்ந்திருக்கு," என்றார் மெல்ல. "தொப்பி போட்டிருந்த திருகு. தரையில விழுந்தா நசுங்கும், உடையும். எண்ணி எட்டு கிளிக் திரும்பாது. யாரோ கை வெச்சிருக்காங்க."

மெக்கானிக் திருப்புளியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு வெளியே எடுத்தார். மறுபடி போட்டார்.

"ஏங்க," என்றாள் அக்கா. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு 'ஏங்க'வுக்கு எத்தனை அர்த்தம் உண்டென்று அவருக்குத் தெரியும்.

"எட்டு இல்ல," என்றார் அவர் அவசரமாக. "நாலு. சத்தியமா நாலுதான். போன ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் சொன்னியே, புது டப்பாத் தோட்டா வலப்பக்கம் தள்ளுதுன்னு. தூங்கும்போதும் அதையே முணுமுணுத்தே. புதன்கிழமை இங்க விளக்கு மாத்த வந்தேன். அலமாரி சாவி கையில இருந்துச்சு. அதான், பக்கத்துல நாலு கிளிக்... உனக்கு நல்லதுன்னு செஞ்சேன். சொன்னா நீ கத்துவே."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனா?"

"சரி, அது நாலு," என்றார் செயலாளர். கணக்கு முடியாவிட்டால் அவர் விடமாட்டார். "மிச்சம் நாலு?"

 அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவளுடைய காது மட்டும் சிவந்தது.

"மிச்சம் நாலு நான்தான்," என்றாள். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் கிளம்பின பிறகு திருப்பினேன். நீ நோட்டை மூடிட்டே. ஊசியக்காவுக்குக் குண்டு வலப்பக்கம் போச்சு, அவ திருப்பினாள்னு எழுத வேணாம்னு நெனச்சேன். அதுல நாலு குண்டு சுட்டுப் பார்த்தேன், நடுவுல விழுந்துச்சு. விட்டுட்டேன்."

"வீட்டுக்கு வந்து மட்டும் எதுக்கு முணுமுணுத்தே?" என்றார் மெக்கானிக்.

"சரி பண்ணிட்டா முணுமுணுக்கக் கூடாதா?"

டிரைவர் மாமா அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. "ஒரே காய்ச்சலுக்குப் பொண்டாட்டி ஒரு மாத்திரை போட்டுக்கிட்டா. தூங்கும்போது அவ வாயில புருஷன் இன்னொண்ணைப் போட்டுட்டாரு! அடப்பாவிகளா, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

செயலாளர் சிரிக்கவில்லை. அவர் மனதில் வேறொன்று ஓடிற்று. துப்பாக்கி விழாமல் இருந்திருந்தால்? அக்கா வழக்கம்போல முன்னோட்டம் இல்லாமல் உறையைப் பிரித்திருப்பாள். இடம் தள்ளிப் போகிறது என்று கண்டுகொள்வதற்குள் ஐந்தாறு குண்டு போயிருக்கும். பத்தாவது அட்டையும் அதோடு போயிருக்கும். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். இவற்றைத் திட்டுவதா மெச்சுவதா என்று புரியவில்லை.

"அப்ப பன்னிரண்டுக்கே திருப்பிடுறேன்," என்று திருகில் கை வைத்தார். நோட்டில் இருந்த எண் அதுதான்.

"கையை எடு," என்றாள் அக்கா. "உன் நோட்டுல இருக்கிறது பழைய தோட்டாவுக்கு. நான் திருப்பின நாலு சரியான நாலு. அவர் திருப்பினதை மட்டும் எடுக்கணும். பதினாறு."

அவளே திருப்பினாள். நான்கு கிளிக். மணல் மூட்டைமேல் மூன்று குண்டு சுட்டாள். மூன்றும் நடுப்புள்ளிக்குள். செயலாளர் நோட்டில் பன்னிரண்டை அடித்து, பக்கத்தில் பதினாறு என்று எழுதி, தேதியும் போட்டார். பதினொரு வருஷத்தில் அந்த நோட்டில் விழுந்த முதல் அடித்தல்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு உறையைப் பிரித்தார்கள். மணல் மூட்டை எல்லாம் அப்புறப்படுத்தியாயிற்று. இனி அவள் முழங்கை, அவள் தோள், அவள் மூச்சு. இருபது நிமிஷம் கெடு. மாமாவின் விசில்.

பத்து. பத்து. ஒன்பது. பத்து. பத்து. செயலாளர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே தொடையில் விரலால் எழுதிக்கொண்டார்.

ஆறாவது குண்டு எட்டில் விழுந்தது. அதுவும் இடப்பக்கம்.

மெக்கானிக் செயலாளரின் தோளைப் பிடித்தார், நகம் பதிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. உள்ளே ஏதோ இப்போதுதான் விட்டுப்போயிற்றோ? சதுரம் சொன்னது பொய்யோ? அடி பட்ட பொருளுக்கு அந்த நேரம் தெரியாது, ஆறி வந்தபின்தானே வலிக்கும். சுடுகிறவளிடம் பேச விதியில் இடமில்லை. அவள் திருகைத் தொடப்போகிறாளா என்று பார்த்தார்கள். தொட்டு நாலு கிளிக் வலமாகத் திருப்பினால், ஸ்கோப் நல்லதாக இருந்தால், எல்லாம் கெட்டது.

அக்கா திருகைத் தொடவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுத்தாள். கண்ணை மூடினாள். ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தாள். மறுபடி கன்னத்தை வைத்தாள்.

ஏழாவது, பத்து. எட்டாவது, பத்து. செயலாளருக்கு அப்போதுதான் கண்ணில் நீர் கோத்தது. அவர் போட்ட சதுரத்தை அவர் ஒரு நொடி நம்பவில்லை, அவள் நம்பினாள்.

ஒன்பதாவது குண்டு ஒன்பது. ஆக எண்பத்தாறு. கடைசிக்கு ஒன்பது வேண்டும். எட்டு விழுந்தால் மூன்று வருஷத்துக்கு முந்தைய அதே தொண்ணூற்று நான்கு. நாலு நிமிஷம் மீதி இருந்தது. அதில் மூன்று நிமிஷத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மாமா விசிலை வாயில் வைத்தபடி மூச்சு விடவும் பயந்தார், விட்டால் ஊதிவிடுமே.

வெடித்தது.

அட்டையை மேசைக்குக் கொண்டு வந்தபோது நான்கு தலையும் முட்டிக்கொண்டன. பத்தாவது ஓட்டை பத்தாம் வளையத்தின் கோட்டுக்கு வெளியே, கோட்டைத் தொட்டும் தொடாமலும்.

"தொடுது," என்றார் மெக்கானிக். "பத்துதான். மொத்தம் தொண்ணூத்தாறு."

"முடியளவு இடைவெளி இருக்கு அத்தான்."

"உன் கண்ணுல முடி இருக்கு மாப்ள."

"ஒன்பதுன்னே போடு," என்றாள் அக்கா. "தொண்ணூத்தஞ்சு. தலைமையில அளந்து கூட்டினா கூட்டட்டும். நானா கேட்டு வாங்கினதுன்னு ஒரு புள்ளி எனக்கு வேணாம்."

"ஆறாவது?" என்று கேட்டார் மாமா. "அது என்ன ஆச்சு?"

"அது நான். மூச்சை அடக்குறதுக்கு முன்னாடியே அழுத்திட்டேன். துப்பாக்கி மேல பழி போடாதீங்க."

மணி மூன்று பதினெட்டு. செயலாளர் சாட்சிக் கடிதத்துக்கு உட்கார்ந்தார். அட்டையோடு அது போயாக வேண்டும். அதில் ஒரு வரி உண்டு: துப்பாக்கியும் ஸ்கோப்பும் இருந்த நிலை.

டிரைவர் மாமா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, நல்லா கேட்டுக்க. அங்க இருக்கிற நடுவர் ஆளைப் பத்தித் தெரியுமில்ல? சிவப்புப் பேனாக்காரர். போன வருஷம் தேதியை இடம் மாத்திப் போட்டதுக்கே அட்டையைத் திருப்பி அனுப்பினவர். விழுந்த துப்பாக்கின்னு எழுதினா, அடிபட்ட கருவி, அட்டை செல்லாதுன்னு ஒரே கோடு. இவ சுட்ட பதினொரு வருஷமும் போச்சு. நல்ல நிலைன்னு எழுது. பொய்யா? இல்லையே! இப்ப நல்ல நிலைதானே?"

மெக்கானிக்கும் தலையாட்டினார். செயலாளருக்குப் பேனா நகரவில்லை. நடந்ததை எழுதாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டால் அந்த நோட்டு முழுவதும் சந்தேகம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இது அவருடைய பட்டயம் இல்லையே. தம் கைச்சுத்தத்துக்கு அக்காவின் ஆணியைக் காலியாக விடுவதா? ஒரு கையால் துப்பாக்கியைத் தள்ளினார். இன்னொரு கையால் பட்டயத்தையும் தள்ளவா?

"அக்கா, நீயே சொல்லு."

அவள் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

"மாமா சொல்றது நியாயந்தான். ஆனா நான் சுட்டது விழுந்த துப்பாக்கியில. மூணு அடி உயரத்துல இருந்து சிமென்ட்ல விழுந்து, சோதிச்சு, சரி பண்ணி, அதே மத்தியானம் தொண்ணூத்தஞ்சு. இதை மறைச்சுட்டு வாங்குற பட்டயத்துல எனக்கு என்ன பெருமை இருக்கு? நல்ல துப்பாக்கியில யார் வேணா சுடுவாங்க. எழுதுடா. ஒண்ணு விடாம எழுது. சிவப்புப் பேனா அடிச்சா அடிக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடி பத்து சுடுறேன். கை என்ன தேஞ்சா போச்சு?"

 மாமா விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பஸ்ஸை இடிச்சா நானும் நானே போய்ச் சொல்றவன்தான். எழுதப்பா," என்றார்.

செயலாளர் எழுதினார். நீல மையில், சாய்வில்லாமல், ஒவ்வொரு வரியும் ஸ்கேல் வைத்ததுபோல. 'மேசையிலிருந்து துப்பாக்கி விழ நேர்ந்தது' என்ற இடத்தில் அக்கா தோள்வழியாக எட்டிப் பார்த்தாள்.

"தானா குதிச்சுதா?"

அவர் அதை அடித்துவிட்டு வேறு தாளெடுத்தார். 'மேசை விரிப்பை நான் இழுத்ததால் துப்பாக்கி விழுந்தது.' அப்புறம் வெளிச்சோதனை, பெட்டிச் சோதனை, நான்கு பக்கத்தின் அளவு, இணைப்பாக வரைதாள்.

"திருகு நகர்ந்திருந்ததையும் எழுதணும்க்கா. அத்தான் திருப்பின நாலு. நீ நோட்டுல ஏத்தாத நாலு."

 நரம்பு தவறியதாக ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொன்னதுபோல இருந்தது அவளுக்கு. உதட்டைக் கடித்தாள்.

"எழுது," என்றாள் கடைசியில். "ஆனா அவர் திருப்பினதை முதல்ல எழுது."

"இது நல்ல நியாயம்," என்றார் மெக்கானிக்.

நால்வரும் கையெழுத்திட்டார்கள். மெக்கானிக் தம் பெயருக்குக் கீழே 'நான்கு கிளிக் மட்டும்' என்று சேர்க்கப் பார்த்தார். செயலாளர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று முப்பத்தெட்டு. அட்டை, வரைதாள், கடிதம் மூன்றையும் மடங்காதபடி இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, பழுப்பு உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைக்காமல் பசையால் ஒட்டி, மேலே ஒரு காகிதப் பட்டை ஒட்டினார். அதன்மேல் குறுக்காகக் கையெழுத்து.

தெருவில் நால்வரும் ஓடாத குறையாக நடந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் எடை போட்டுக்கொண்டே, "உள்ள உடையுற பொருள் எதுவும் இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுவும் உடையலம்மா," என்றார் செயலாளர். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

உறையை அவர் நீட்டவில்லை. அக்காவிடம் கொடுத்தார். அவள் இடக்கையால் அதைக் கவுன்டருக்குள் தள்ளினாள். தேதி முத்திரை இரண்டு முறை விழுந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு ஆள் வந்து சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்து, கயிற்றைச் சுற்றி இறுக்கி, தோளில் ஏற்றிக்கொண்டு வண்டிக்குப் போனான்.